முதல்முறை அக்காவின் குண்டூசிகள்

நாற்காலியில் உட்காரும் முன்பே அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார். அதை மடக்கி உறைக்குள் வைத்து, உறையை டக்கென்று மூடி, மேசையின் இடது ஓரத்துக்குத் தள்ளுகிறார். பிறகு இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார். தையல் வேலை செய்கிறவர்கள் குண்டூசி குத்தி வைத்துக்கொள்ளும் சின்னப் பஞ்சுப்பொதி ஒன்று அங்கே நாடாவால் கட்டியிருக்கிறது. ஊசிகள் போதுமா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ம், திறங்க" என்கிறார். அவர் இதுவரை கண்ணால் கண்டிராத ஓர் இணையதளம் லேப்டாப்பில் திறக்கிறது.

ஆறு வருடங்களுக்கு முன், அவர் இங்கே வந்த முதல் புதன்கிழமையன்று, அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் பேச்சு ஆரம்பித்தது. பக்கத்து நாற்காலியில் தாளும் பேனாவுமாக இருந்த குறிப்பெழுதும் பெண்ணுக்கு, இணையதளம் செய்துகொடுக்கும் அந்த அலுவலகத்தில் அது இரண்டாவது வாரம். இரண்டு மொழிகளில் படித்தவள் என்பதால் தளங்களுக்கு வாசகம் எழுத அவளை எடுத்திருந்தார்கள். அதிகம் பேசமாட்டாள் என்பதால், சோதனைக்கு வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் வேலையையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டே பார்க்கலாமே என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"வேண்டாம். இதப் பாக்க வர்றவங்க எல்லாருமா கண்ணாடி போட்டுட்டு வருவாங்க? பாதிப் பேரு அத எங்க வெச்சோம்னு தேடிட்டு இருப்பாங்க."

வருகிறவர்களுக்கு முதலில் படித்துக்காட்ட வேண்டிய வாசகம் அவள் கையில் அச்சாக இருந்தது. படித்தாள். நாங்கள் உங்களைச் சோதிக்கவில்லை, இந்தத் தளத்தைத்தான் சோதிக்கிறோம். வழி தெரியாமல் போனால் தப்பு உங்களுடையது அல்ல, தளத்தினுடையது. வந்தவர் அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தாள். யார் எழுதியது என்று கேட்டார். அலுவலகத்தில் எழுதியது என்றாள். நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு நூலகத்தின் தளத்தில் எடுத்த புத்தகத்துக்குத் தவணை நீட்டிக்கும் இடத்தைத் தேட ஆரம்பித்தார். பதினோரு நிமிடம் தேடினார். கிடைக்கவில்லை. தாளின் கடைசி வரியில் இருந்த கேள்வியைக் குறிப்பெழுதும் பெண் கேட்டாள்.

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கென்ன தெரியும்?"

இந்தப் பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் தாளில் போட்டிருந்தது. வேறு விதமாகக் கேட்டு ஊக்கப்படுத்த வேண்டும். அவளுக்கு அது வரவில்லை. எழுந்து போகவும் தோன்றவில்லை. தாளைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. யாரோ மாடிப்படி ஏறி, இந்த மாடி இல்லை என்று தெரிந்து இறங்கினார்கள். ஒரு நிமிடம் போயிருக்கும்.

"இல்ல, ஒண்ணு தோணுது" என்று வந்தவர் ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் பேசினார். அவள் நான்கு தாள்கள் எழுதினாள்.

அந்தத் தாளின் மேல்பகுதியில் இரண்டு கட்டங்கள் உண்டு. 'முதல்முறை', 'பழகியவர்'. வருகிறவருக்கு ஏற்றபடி ஒன்றில் குறி போட வேண்டும். ஒவ்வொரு புதன்கிழமையும் தளம் புதிது என்பதால் இவருக்கு எப்போதும் முதல் கட்டத்தில்தான் குறி. இரண்டு வருடம் போனபின் யாரோ ஒருவர் "முதல்முறை அக்கா வந்தாச்சா?" என்று கேட்க, அந்தப் பெயரே நின்றுவிட்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. "வாராவாரம் புதுசா பொறக்குறேன், நல்லதுதானே" என்பார்.

அலுவலகம் இரண்டாம் மாடி. அக்காவின் கடை அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதிதாகத் தைப்பதில்லை. ஆல்டரேஷன் மட்டும். நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது. இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி மேசை, சுவர் நிறைய நூல்கண்டு. ஒரு கால்சட்டைக்கு நூல் பொருத்த வேண்டுமென்றால், துணியையும் நான்கு கண்டுகளையும் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். வெயில் இருந்தால் வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை.

இதையே அவர் மேலேயும் செய்தார். இரண்டாவது புதன்கிழமை, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப்பைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு, மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் ஜன்னலுக்கு நடந்தார். பின்னாலேயே ஓடிவந்தவர் வடிவமைப்பாளர். அந்த இளைஞர் எதைத் தொடங்கினாலும் நீலத்தில்தான் தொடங்குவார். அக்காவுக்கு அவர் நீலத் தம்பி.

"டியூப்லைட்டுல எல்லாக் கருப்பும் கருப்புதான் தம்பி. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாத்தான் எது கருப்பு, எது கருநீலம்னு தெரியும். இத நடுரோட்டுல நின்னு போன்ல பாக்குறவன் உங்க ரூமுக்குள்ளயா வந்து பாப்பான்?"

ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைப் பின்னணியில் இளஞ்சாம்பலில் அச்சடித்திருந்த வரிகள் காணாமல் போயிருந்தன. அக்கா திரையை முகத்துக்கு நேரே பிடித்தார். "இது எழுதினதா, அழிச்சதா?" என்றார். அன்றிலிருந்து அலுவலகத்தில் சாம்பல் எழுத்துக்கு அழிச்ச எழுத்து என்றே பெயர். நீலத் தம்பி மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் தன் லேப்டாப்பைத் தானே தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.

பக்க அமைப்பைப் பற்றிய அவருடைய கருத்து முழுவதும் சட்டைப்பையிலிருந்து வந்தது. பை அழகுக்காக இல்லை, கை தானாகப் போகிற இடத்தில் இருக்க வேண்டும் என்பார். நான்கு பை வைத்த கோட்டில் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று தட்டித் தட்டிப் பார்க்கிறவர்களை நடித்துக் காட்டுவார். படங்கள் தாமாக நகரும் தளங்கள் அவருக்கு ஆகாது. "படிச்சிட்டு இருக்கேன், பிடுங்கிட்டுப் போகுது. இதென்ன மரியாதை?" மூலையில் இருக்கும் மூன்று கோடுகளைத் தொட்டால் மெனு திறக்கும் என்று சொன்னபோது, நம்பாமல் குறிப்பெழுதும் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் கம்பி என்று நினைத்தாராம். கம்பியைப் போய் யாராவது தொடுவார்களா?

எல்லாவற்றிலும் அவர் சொன்னது சரியென்று இல்லை. பச்சை அவருக்குப் பிடிக்காது. எப்போதோ ஒரு பச்சைத் துணி சாயம் விட்டு வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டையைக் கெடுத்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். அதற்காக விதைக் கடைக்குச் செய்த தளத்தில்கூடப் பச்சையைக் குறைக்கச் சொன்னார். ஒரு புகைப்படக்காரருக்காகப் பக்கம் முழுவதையும் கருப்பில் செய்தபோது, கரண்ட் போன வீடு மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கினார். அந்தத் தளம்தான் அலுவலகத்துக்கு ஊரெல்லாம் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. இதை அவரிடம் சொன்னபோது, "பாக்குறவங்களுக்கு வேற வேலை இல்ல போல" என்றார். ஒரு அங்குலம்கூட இறங்கி வரவில்லை.

ஆனால் அலுவலகம் அவரை நம்பியது, குண்டூசிகளுக்காக. போக வேண்டிய இடத்தை விட்டு வேறொரு பக்கத்தில் போய் விழும்போதெல்லாம், மணிக்கட்டிலிருந்து ஓர் ஊசியைப் பிடுங்கி, குறிப்பெழுதும் பெண்ணின் தாளட்டையின் விளிம்பில் குத்துவார். தைக்கும்போது தப்பின இடத்தில் குத்தி அடையாளம் வைக்கிற பழக்கம். முடியும்போது அட்டையில் எத்தனை ஊசி நிற்கிறதோ, அத்தனை இடத்தில் தளம் ஆளைத் தொலைத்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றுக்கு மேல் போனால் நீலத் தம்பி அந்தப் பகுதியைக் கலைத்துவிட்டு மறுபடி வரைவார். கருவிகளும் கணக்கீடுகளும் அலுவலகத்தில் நிறைய இருந்தன. வாடிக்கையாளர்கள் வரும்போது அவர்களிடம் காட்டப்பட்டது குண்டூசி குத்திய அட்டைதான்.

கடைசிக் கேள்வி வரும்போது அக்கா கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொள்வார். அது ஏன் என்று குறிப்பெழுதும் பெண்ணுக்கு நாலாவது வருடம்தான் தெரிந்தது. அந்த வாரம் அக்காவின் வீட்டு வரவேற்பறைக்கு வண்ணம் அடித்திருந்தார்கள். காலையில் கடைக்குப் போனவர் மாலையில் திரும்பி வந்தபோது நான்கு சுவரும் மஞ்சள். கணவரும் மகனும் நடுவில் நின்றுகொண்டு, "நல்லாருக்குல்ல?" என்றார்களாம்.

"அது கேள்வியா? தகவல்" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "கடையிலயும் அப்படித்தான். ரெண்டு விரக்கடை குறைங்கம்பாங்க. குறைச்சா நல்லா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். கேட்டாத்தானே சொல்றதுக்கு? வாரத்துல ஒரு மணி நேரம், இந்த நாற்காலியில, ஒருத்தி எனக்கு என்ன தோணுதுன்னு கேட்டு, அதப் பேனாவால எழுதிக்கிறா."

சொல்லிவிட்டு, கண்ணாடி உறையைத் தேடி எடுத்துக்கொண்டு கீழே போனார்.

ஆறு வருடம் என்பது முந்நூறு தளங்களுக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனை தளங்களில் தொலைந்த ஒருவருக்கு வழி தெரியாமலே இருக்க முடியாது. கடைக்கு வருகிறவர்கள் போனை நீட்டி, இதில் எங்கே போக வேண்டும் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அக்கா வாயில் நூலைக் கடித்தபடியே ஒற்றை விரலால் நான்கு தொடு தொட்டுக் கொடுத்துவிடுவார். ஆனால் மாடிக்கு வந்தால் குண்டூசி குறையவில்லை. வாரம் நான்கு, ஐந்து என்று அட்டையில் நின்றுகொண்டுதான் இருந்தன.

குறிப்பெழுதும் பெண் அதைக் கவனித்தது ஒரு கண் மருத்துவமனையின் தளத்தைப் பார்த்த நாளில். நோயாளி தனக்குக் கொடுத்த தேதியை மாற்ற வேண்டும், அதுதான் வேலை. பெயரைத் தொட்டால் அவருடைய தேதி வரும். தேதிக்குக் கீழேயே 'தேதியை மாற்ற' என்று தடித்த எழுத்தில் இருந்தது. அக்காவின் பார்வை நேராக அங்கே போய் நின்றது. ஒரு விநாடிதான். பிறகு சுட்டி வேறு பக்கம் நகர்ந்தது. மவுஸை அமுக்கும் முன்பே வலது கை அதை விட்டு இடது மணிக்கட்டுக்குப் போய், ஊசியைப் பாதி வெளியே இழுத்திருந்தது.

தப்பான இடத்துக்குப் போனபின் எடுக்க வேண்டிய ஊசி அது.

அன்று நான்கு ஊசிகள். ஏன் 'தொடர்புக்கு' என்ற பக்கத்துக்குப் போய்த் தேடினீர்கள் என்று நீலத் தம்பி கேட்டதற்கு அக்கா தயங்காமல் பதில் சொன்னார். "தேதிய மாத்தணும்னா ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுவேன். போன் நம்பர் இருக்கிற இடத்துலதானே தேடுவேன்?" கேட்கிற எவருக்கும் நியாயமாகப் படுகிற பதில். ஒரே ஆளின் பேச்சை வைத்து ஒரு பக்கத்தைக் கலைக்கக் கூடாது என்பது அலுவலகத்தின் விதி. ஆனால் அந்த ஆள் முதல்முறை அக்கா. மறுநாளே 'தேதியை மாற்ற' நோயாளியின் தேதிக்குக் கீழிருந்து எடுக்கப்பட்டு, 'தொடர்புக்கு' பக்கத்தில், தொலைபேசி எண்களுக்கும் அடியில் போய் உட்கார்ந்தது. குறிப்பெழுதும் பெண் தான் பார்த்ததைத் தாளில் எழுதவில்லை. 'நான்கு ஊசி' என்று மட்டும் எழுதி, முதல் கட்டத்தில் குறி போட்டாள். அவள் யாரையும் எளிதில் காட்டிக்கொடுக்கிறவள் அல்ல. அக்காவுக்கு அந்த ஒரு மணி நேரம் என்னவென்றும் அவளுக்குத் தெரியும்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு புதன்கிழமை. அக்கா வந்தார். உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. தளத்தைத் திறக்கப்போன குறிப்பெழுதும் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தி, தன் கூடப்பிறந்த அக்கா தன் கடைக்கு வந்த கதையைச் சொன்னார்.

அவருக்கு ஏழு வயது மூத்த அக்கா ஒருத்தி. பேரப்பிள்ளைகளையும் சமையலறையையும் தவிர வேறெதையும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளாதவள். கண்ணில் புரை. அறுவைச் சிகிச்சைக்குக் கொடுத்திருந்த தேதியில் மகளுக்குப் பிரசவம் வந்துவிட்டது. தேதியை மாற்றலாம் என்று போனில் அந்தக் கண் மருத்துவமனையின் தளத்தைத் திறந்திருக்கிறாள். தன் பெயரைத் தொட்டு, தேதியைத் தொட்டு, மேலும் கீழும் நகர்த்தி, அரை மணி நேரம் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். தேதி போய்விட்டது. வராதவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். அடுத்த இடம் ஆறு வாரம் கழித்து. இதையெல்லாம் குறையாகச் சொல்ல வரவில்லை அவள். பேத்தியின் பாவாடைக்கு எலாஸ்டிக் மாற்ற வந்தவள், போகிற போக்கில் சொன்னாள். தங்கை போனை வாங்கி, எங்கே தேடினாய் என்று கேட்டிருக்கிறார். தேதிக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தில் அவள் விரல் வைத்தாள். ஊசி குத்தப்படுவதற்கு முன் அந்த வரி இருந்த அதே இடம்.

"'இங்கதானேடி இருக்கணும், எனக்குத்தான் தெரியல, நான் ஒரு மக்கு'ன்னா" என்றார் அக்கா. "உங்க தாளுல இருக்கிறத அவளுக்கு யாரும் படிச்சுக் காட்டல பாரு."



அக்கா எழுந்து வடிவமைப்பாளரின் மேசைக்குப் போனார். அவர் நீலத்தில் எதையோ வரைந்துகொண்டிருந்தார். "தம்பி, அந்தக் கண்ணாஸ்பத்திரியில நான் குத்தின நாலு ஊசியும் என்னோட தப்பு. பக்கத்தோடது இல்ல. எடுத்த இடத்துலயே வெச்சிரு." எந்த நாலு ஊசி என்று அவர் விழித்தார். அக்கா விளக்கினார், சுருக்கமாக. இப்போதெல்லாம் எந்தத் தளத்தைத் திறந்தாலும் எது எங்கே இருக்கும் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது, தெரிந்துவிட்டால் நீங்கள் கூப்பிடமாட்டீர்கள், அதனால்தான். நீலத் தம்பி நம்ப மறுத்தார். ஒருவேளை அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்ப்பவர் போலக் குறிப்பெழுதும் பெண்ணைப் பார்த்தார்.

"ஊசி முன்னாடியே வந்துச்சு" என்றாள் அவள். "நான் பாத்தேன்."

அன்று மதியத்துக்குள் அந்த வரி தேதிக்குக் கீழே திரும்பிவிட்டது. ஏன் மாற்றினோம், ஏன் திரும்ப மாற்றினோம் என்று மருத்துவமனைக்கு இரண்டு பத்தியில் எழுதி அனுப்பும் வேலை குறிப்பெழுதும் பெண்ணுக்கு வந்தது. தளம் மாறியதால் தவறிப்போனவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லி ஒரு வரியைச் சேர்த்தாள். அப்படி யாராவது இருந்தால் தெரிவிக்கவும் என்று பதில் வந்தது. ஒரு பெயரைத் தெரிவித்தாள். ஆறு வாரம் நான்கு வாரமானது.

அக்கா நாற்காலிக்குத் திரும்பி வந்தபோது தாள் அப்படியே இருந்தது, இரண்டு கட்டங்களும் காலியாக. அவர் பேனாவை வாங்கி, 'பழகியவர்' என்ற கட்டத்தில் தானே குறி போட்டார். கண்ணாடி போட்டிருந்ததால் குறி கட்டத்துக்கு நடுவில் சரியாக விழுந்தது. அடுத்த புதன்கிழமை மூத்தவள் வருவாள் என்றார். சொல்லிவிட்டாராம். வரமாட்டேன் என்றாளாம், இழுத்துக்கொண்டு வந்து விடுவாராம். ஒரு கண் மங்கல், மவுஸைத் தொட்டதில்லை, மூன்று கோட்டைப் பார்த்தால் அவளும் கம்பி என்றுதான் சொல்வாள். "உங்களுக்கு அதுதானே வேணும்?"

பேசிக்கொண்டே மணிக்கட்டு நாடாவின் முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். கட்டியிருந்த இடத்தில் தோல் வெளுத்து, வளையம் போலத் தடம் தெரிந்தது. பஞ்சுப்பொதியை, அத்தனை ஊசிகளோடும், தாளட்டையின் மேல் வைத்தார். வைத்துவிட்டு உடனே கையை எடுக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்வியா? எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியா ஒண்ணு கேப்பீங்கல்ல, அத அவகிட்டயும் கேளு. எனக்கென்ன தெரியும்னுதான் சொல்லுவா. அப்ப எழுந்துடாத. எங்கிட்ட உக்காந்திருந்த மாதிரியே உக்காந்திரு."